கிணற்றில் கிடைத்த அம்மன்

பட்டணத்து மியூசியத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் மாதனூர்க் குடியானவர் ஒருவரும் அவர் மனைவியும் ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் கிணறு வெட்டியபோது கிடைத்த சோழர் காலத்து அம்மன் சிலை இப்போது அங்கேதான் இருக்கிறதாம்.

“அம்மனுக்கு நம்பர் ஒட்டி வெச்சிருக்கானுங்க,” என்றாள் மனைவி.

“சுத்தி தோட்டம், நெழலு. தொரைங்க தொப்பிய கழட்டிட்டு பாக்கறாங்க. இன்னா கொறச்சல்?” என்றார் அவர்.

“நெத்தியில பொட்டு இல்ல. தாசில்தார் கை குடுத்தாருன்னு நீதானே தூக்கிக் குடுத்த?”

“செலைகிட்ட வெக்கிற பலகையில எம் பேரு வரும்னாரு.”

“அங்க ஒரு ஐயா பலகைய படிச்சி சொன்னாரே, கேக்கல? மாதனூர் கெணறுன்னு இருக்குது. உம் பேரு இல்ல.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இனிமே தோண்டும்போது சாமி வந்தா, மண்ணப் போட்டு மூடிட்றேன்.”

“சாமிய வுடு. அந்தக் கெணத்துல இன்னும் ஒரு சொட்டு தண்ணி வரல.”