புளி போட்டுத் தேய்த்த நம்பர்

"வருசா வருசம் ஆயுத பூசைக்குப் புளி போட்டுத் தேச்சே நம்ம காரை அனாதையாக்கிட்டியே" என்றார் முன்சீட்டுக்காரர், தன் மனைவியிடம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ். தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்த நான், நடிப்பைத் தொடர்ந்தபடி காதை மட்டும் முன்னால் அனுப்பினேன்.

"பித்தளைத் தகடு பளபளன்னு இருக்கோணும்னு சொன்னது நீங்கதானுங்க."

"அதுலதான் சேசிஸ் நம்பர் இருந்துச்சு. இப்பக் கடைசி நம்பர் மூணா எட்டான்னே தெரியல. வண்டிய இங்க மாத்திக்கலாம்னு கர்நாடகாவுல குடுத்த என்ஓசில எட்டு. இங்க ஆர்டிஓ ஆபீசர் பாக்கறப்ப எட்டு தெரியலைன்னா தமிழ்நாட்டு நம்பர் கிடைக்காது. என்ஓசியும் நாளையோட காலாவதி. அப்புறம் எங்கப்பாவோட அந்தக் காருல கோழி அடைக்க வேண்டியதுதான்."

கீழ் வளைவில், லாரி மேல் கயிறு கட்டிய பழைய கார் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்; அவர்களுடைய கார்தான் போலும்.

"ஏனுங்க, டிரைவர் சீட்டுக்கு அடியில இரும்புலயும் அதே நம்பர் அடிச்சிருக்குதுங்களே."

"அதையும் நீ தேச்சிருப்பியே."

"இல்லீங்க. துடைக்கறதுல மேல எனக்கு, அடியில உங்களுக்குன்னு கண்ணாலமான வருசமே பிரிச்சுக்கிட்டோம். உங்க பங்குல ஒரு வருசமாச்சும் துணி பட்டிருக்குதுங்களா? கிரீசும் மண்ணும் அப்பி நம்பர் அப்படியே இருக்கும்."

என் மனைவி அந்த பஸ்ஸில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அடிவாரம் வந்ததும் அவர் மனைவி பக்கம் குனிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஆபீசர் கேட்டா, பாதுகாக்கோணும்னுதான் தொடாம விட்டோம்னு சொல்லு."