தம்பி அலர்ஜி

இல்ல டாக்டரம்மா, சோப்பு இல்ல. சோப்பு மாத்திப் பாத்தாச்சு, எண்ணெய் மாத்தியாச்சு, பொண்டாட்டியத் தவிர வீட்ல எல்லாத்தையும் மாத்தியாச்சு. எனக்கு அலர்ஜி என் கூடப்பொறந்த தம்பிதான். சிரிக்காதீங்க. அந்த ஃபாரத்துல அப்படியே எழுதிக்கோங்க, தம்பி, ஒண்ணு.

ஆதாரம் இருக்கும்மா. பக்கத்துப் போர்ஷன்லதான் இருக்கான், நடுவுல ஒரே கதவு. அவன் இருமினா எனக்கு நெஞ்சு அரிக்கும். செருமினாப் போதும், தடிச்சுரும். போன வருஷம் பதினஞ்சு நாள் வெளியூர் போனான், எல்லாம் அமுங்கிருச்சு. திரும்பி வந்து வாசல்ல செருப்பக் கழட்டறான், இங்க நான் சொறிய ஆரம்பிச்சுட்டேன்.

நாளன்னிக்கு அவன் மகளுக்குக் கல்யாணம். நீங்க ஒரு சர்டிபிகேட் குடுத்தீங்கன்னா, டாக்டர் போகக் கூடாதுன்னுட்டார்னு சொல்லி கவுரவமா வீட்ல உக்காந்துக்குவேன். அதுக்குத்தான் வந்தேன். பாவம், அந்தப் புள்ள பெரியப்பா பெரியப்பான்னு பத்திரிகைய நீட்டுச்சு. கதவு வழியா இல்ல, தெருவச் சுத்தி வந்து.

சந்தேகப்படுற பொருளக் கொண்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? தம்பியத் தூக்கிட்டு வர முடியுமா? அதான் அவன் துண்டும் அந்தப் பத்திரிகையும். துண்டு கொடியில கெடந்துச்சு, எடுத்துட்டேன். ரெண்டையும் கைல தேச்சு இருபது நிமிஷம் ஆகப்போகுது, சூடு பாக்கற இந்தக் கேமராவுல இன்னும் நீலமாவே காட்டுதே? நீலம்னா சூடே இல்லன்னு அர்த்தமா? மிஷின்ல ஏதோ கோளாறும்மா. ஒரு தட்டு தட்டிப் பாருங்க.

சட்டையக் கழட்டணுமா? எதுக்கு? முந்தாநாள் எது ஒத்துக்கலன்னு பாக்க வரிசையா மருந்து ஒட்டறப்ப முதுகுப் பக்கம் தூக்கிக் காட்டினேன்ல, அது பத்தாதா? சரி சரி, கொஞ்சம் திரும்பிக்கோங்க. ஒண்ணுமில்ல, ஒரு சாமான எடுத்துப் பாக்கெட்ல போட்டேன்.

ம். ஆமா, நானும் பாக்கறேன். நெஞ்சுல செக்கச்செவேல்னு. மேல ஒரு வளையம், கீழ ஒரு தண்டு, ஓரத்துல பல்லு பல்லா. மொதப் பல்லு உசரம், அடுத்தது குட்டை. தெரியும்மா. நான் ராவின சாவி எனக்குத் தெரியாதா? பூட்டு ரிப்பேர்தான் நம்ம தொழில். எந்தப் பூட்டா இருந்தாலும் ரெண்டு நிமிஷம்.

பதினோரு வருஷம் ஆச்சு. ஏணிய மழையில போட்டது யாருன்னு ஆரம்பிச்ச சண்ட. கோவத்துல அந்த நடுக் கதவுல ரெண்டு பக்கமும் சாவி போடற பூட்டப் பதிச்சுட்டான். யாருக்கு? பூட்டுக்காரனுக்கு! அன்னிக்கு மத்தியானமே அதுக்கு ஒரு சாவி செஞ்சுட்டேன். தொறக்கணும்னு இல்லம்மா, சும்மா இருக்கட்டும்னு. கயித்துல கோத்துக் கழுத்துல போட்டது, இன்னிக்குத்தான் கழட்டறேன். அவன் சத்தம் கேட்டாக் கை தன்னால அங்க போயிரும். நெஞ்சோட சேத்து இறுக்கிப் பிடிச்சுக்குவேன்.

நிக்கலா? சாவில இருக்கிற நிக்கலா? முதுகுல ஒட்டினதுலயும் அது ஒண்ணுதான் சூடேறியிருக்கா? அப்போ தம்பி இல்லையா? இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்கம்மா, கல்யாணம் நாளன்னிக்கு.

இனிமே ஒடம்புல படாம வைக்கணுமாக்கும். எங்க வைக்கிறதும்மா? கழுத்த விட்டா அந்தச் சாவிக்கு ஒரே எடந்தான் இருக்கு.

சேச்சே, பூட்டுல துருவெல்லாம் பிடிச்சிருக்காது. மாசத்துக்கு ஒருக்கா சாவித் துவாரத்துல எண்ணெய் வழியும், என் பக்கமா. அவன்தான் அந்தப் பக்கத்துலேர்ந்து விடறான். நான் தொடச்சு வைப்பேன். இதப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கிட்டது கெடையாது.

சர்டிபிகேட்டா? அது கெடக்கட்டும்மா. அந்தத் துண்ட இப்படிக் குடுங்க, குளிக்கிற நேரமாச்சு, தேடுவான்.