மஞ்சள் புள்ளிகள்

நான் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை ஐயா. ஆனால் நீங்களே கலக்கிக் கொடுத்தது, குடித்துவிடுகிறேன். எனக்கென்று ஒருவர் கலக்கிக் கொடுத்து ஆறேழு வருடம் இருக்கும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் நாலாயிரத்துச் சொச்சம் கணினிகள் பதிவாகியிருக்கின்றன. மென்பொருளில் எங்காவது ஓட்டை இருப்பது தெரிந்தால், அதை அடைக்கும் திருத்தத்தை இணையம் வழியாக அனுப்புவோம். கணினி தானே கேட்கும், தானே வாங்கிக்கொள்ளும், என் திரையில் அதன் புள்ளி பச்சையாகும். உரிமையாளருக்கு நடந்ததே தெரியாது. நன்றி சொல்ல யாரும் அழைப்பதில்லை. என் மனைவி போன பிறகு, வெள்ளிக்கிழமை மாலை காவலாளியிடம் 'வரேன்' என்று சொன்னால், திங்கட்கிழமை அவரிடமே 'வந்துட்டேன்' என்று சொல்லும்வரை என் வாய்க்கு வேலை கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. திருத்தம் ஏறினால் பழைய நிரல் ஏதாவது படுத்துவிடும் என்றால், அந்தக் கணினியை நிறுத்திவைக்கலாம். புள்ளி மஞ்சளாகும். மஞ்சளில் இருக்கும்வரை வாரம் ஒருமுறை நாங்கள் தொலைபேசியில் அழைத்து நிலவரம் கேட்க வேண்டும். அது விதி.

அப்படித்தான் அந்தச் சிறிய மருத்துவமனையின் நர்ஸ் எனக்குக் கிடைத்தார். அங்கே மருந்துச் சீட்டு அச்சிடும் நிரல் அரதப் பழசு. புதன்கிழமை பதினொரு மணிக்கு அழைப்பேன். இரண்டு நிமிட வேலை, அரை மணி நேரம் பேசுவோம். பேசுவோம் என்ன, அவர் பேசுவார். மகளுக்குப் பல் விழுந்தது, மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது, எல்லாம் வரும். "சாப்டீங்களா அண்ணா?" என்று கேட்காமல் வைத்ததே இல்லை. நான் செவ்வாய்க்கிழமையே முகம் மழித்துக்கொள்வேன். தொலைபேசியில் தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

இரண்டாம் மாதம் அந்த நிரலைச் சரிசெய்துவிட்டார்கள். மஞ்சளை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. நான் எடுக்கவில்லை. திருத்தத்தை நிறுத்தியே வைத்து, திரைகளில் மட்டும் பச்சையாகத் தெரியும்படி மாற்றிவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் புதன்கிழமைகளைத் தொடர்ந்தேன்.

"இன்னும் முடியலையா அண்ணா?" என்பார்.

"அவசரப்பட்டா கெட்டுப்போயிடும் சிஸ்டர். பொறுமையா பண்ணலாம்."

போன மாதம் பெரிய ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. அவசரத் திருத்தம் அனுப்பினோம். அன்று மதியத்துக்குள் திரை முழுக்கப் பச்சை. அவருடைய கணினிக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு பொத்தான்தான் ஐயா. விரலை வைத்தேன். அழுத்திவிட்டால் அடுத்த புதன்கிழமை என்ன சொல்லி அழைப்பது என்று தோன்றியது. விரலை எடுத்துவிட்டேன்.

பதினோராம் நாள் யாரோ அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து அந்த மருத்துவமனையின் பதிவுகள் அத்தனையையும் பூட்டிவிட்டார்கள். அன்று காலை ஒரு தையல்காரரை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அவர் பதிவில் சிவப்பு எழுத்தில் இருந்தது. பதிவு திறக்கவில்லை. அந்த மருந்தையே ஊசியில் ஏற்றினார்கள். அவர் பிழைக்கவில்லை. ஊசி போட்டது நர்ஸ்.

அது வெள்ளிக்கிழமை. என் மேசையில் தொலைபேசி ஒலித்தது. அவராகவே என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அழுதுகொண்டே கேட்டார்.

"நம்ம கம்ப்யூட்டருக்கு எல்லாம் சரியா வந்திருந்துச்சா அண்ணா?"

"எல்லாம் வந்திருந்துச்சு சிஸ்டர். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

ஒரு மணி நேரம் அழுதார். கூடவே இருந்து ஆறுதல் சொன்னேன். என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நர்ஸுடையது மட்டும் இல்லை. அப்படி மொத்தம் ஏழு கணினிகள். மீதி ஆறும் இப்போதும் எல்லாத் திரைகளிலும் பச்சையாகத்தான் தெரியும். நாலாயிரத்தையும் நேரில் போய்ச் சோதிக்க ஒரு மாதம் ஆகும் என்று மேலாளர் உங்கள் விசாரணையில் சொல்லியிருப்பார். பட்டியல் என் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. ஒன்று பிரசவ மருத்துவமனை என்பதை இன்றைக்குச் சொல்லிவைக்கிறேன்.

பெயர்களைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட்டால் உங்களுக்கும் இங்கே வேலை இருக்காது. அவசரப்பட்டால் கெட்டுப்போகும் ஐயா, பொறுமையாகப் பண்ணலாம். நாளைக்குப் பதினொரு மணிக்கு வாருங்கள், முதல் பெயரைத் தருகிறேன். சர்க்கரை போட்டே கொண்டுவாருங்கள், பரவாயில்லை.

பேச்சுவாக்கில் கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா?