பாடினவன் செத்துட்டான்

காலை ரயிலில் வந்துகொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியில் நைட் ஷிப்ட் முடித்த இரண்டு பேர் ஏறி எதிரில் உட்கார்ந்தார்கள். ஒல்லியானவரின் செல்போனில் பாட்டு ஓடியது. கிடார், டிரம்ஸ், புரியாத மொழி. பாதியிலேயே நிறுத்தினார்.

“இத்த இனிமே போடக்கூடாது மச்சான். பாடினவன் செத்துட்டான்.”

“யார்ரா அவன்?” என்றார் தாடிக்காரர்.

“ஆஸ்திரேலியா பாலைவனத்துல நம்ம கலர்லயே பழங்குடி ஆளுங்க கீறாங்க. அவங்க பேண்டு. எங்க மாமா அங்க சுரங்கத்துல வெல்டரு, அவருதான் அனுப்புனாரு. செத்தவன் பேரக்கூட சொல்லமாட்டாங்களாம். கூட வாசிச்சவங்களே அவன் பாட்டப் போடறதில்லையாம்.”

“நம்ம ஊர்ல செத்தாத்தான் மைக் செட்டே கட்றோம்.”

ஒல்லியானவர் சிரித்தார். தாடிக்காரர் சிரிக்கவில்லை.

“எவ்ளோ நாளைக்கு?”

“அவன் ஊட்டுக்காரங்க போடலாம்னு சொல்ற வரைக்கும்.”

தாடிக்காரர் பையிலிருந்து கீறல் விழுந்த போன் ஒன்றை எடுத்தார்.

“தம்பியோடது. கம்பெனில பர்னஸ் வெடிச்சி செத்தானே, அவன் பாடிப் பதிஞ்ச பாட்டு இதுல கீது. அம்மா நாளெல்லாம் அத்தையே கேட்டுக்கினு கீது. சோறு துன்றதில்ல. அதுக்குத் தெரியாம எடுத்தாந்துட்டேன். நீ வெச்சுக்கோ.”

“அம்மா கேட்டா?”

“கேக்கும். நானும் கேப்பேன். தராத.”

பொன்னேரியில் தாடிக்காரர் இறங்கினார். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

“சார்ஜ் மட்டும் போட்டு வைடா.”