சத்தமில்லாத மெஷின்

– இதையும் திருப்பிக் கொண்டாந்துட்டீங்களாம்மா? காற்றாடி வச்சது வேணாம்னு குடுத்துட்டு, நீங்களேதான் இந்த ஆயில் வச்சதை எடுத்துட்டுப் போனீங்க.

– முதல்ல உக்கார ஒரு ஸ்டூல் குடுங்கண்ணே. லிஃப்ட் ஓடல. மூணு மாடி இதைத் தூக்கிட்டு இறங்கியிருக்கேன்.

– உக்காருங்க. காலையிலேர்ந்து நின்னு நின்னு எனக்கும் முட்டி விட்டுப்போச்சு. சொல்றதக் கேளுங்க, ஏதும் கோளாறா? ஆயில் ஒழுகுதா?

– ஒழுகல. சைக்கிளோட பின்சக்கரத்தை அதுல மாட்டி நின்ன இடத்துலயே மிதிச்சா வழுக்கிட்டு ஓடுது. சத்தமே கிடையாது.

– அப்புறம் என்ன? கடையில இருக்கிறதுலயே ஒசத்தி அது. மிதிக்க மிதிக்க உள்ள இருக்கிற ஆயிலே இறுக்கிப் பிடிக்கும். ரோட்டுல போற மாதிரியே இருக்கும்.

– அது சரி. நான் குடுத்த காற்றாடி இருக்கா, வித்துட்டீங்களா?

– அந்த மூலையில தூங்குது. மிக்ஸி மாதிரி கத்துறதை யார் வாங்குவா? சொல்றதக் கேளுங்க, இந்தக் காந்தம் வச்சதைப் பாருங்க. ஹேண்டில்ல ஒரு லீவர். எந்த நம்பர்ல வைக்கிறீங்களோ அந்தப் பாரம். சத்தமும் ரொம்ப இருக்காது.

– கதவைச் சாத்தினா சமையக்கட்டு வரைக்கும் கேக்குமா?

– கேக்காதும்மா. தைரியமா எடுத்துட்டுப் போங்க.

– அப்போ அதுவும் வேணாம்.

– எனக்குத் தலை சுத்துது. கீழ் வீட்டம்மா சண்டைக்கு வராங்கன்னுதானே காற்றாடியத் திருப்பிக் குடுத்தீங்க?

– ஆமா. அண்ணே, காற்றாடியில வேகமா மிதிச்சா சத்தம் ஏறும், மெதுவா மிதிச்சா இறங்கும். இல்ல?

– அதான் அதோட குணம். பாரமும் அப்படித்தான். வேகம் கூடக் கூட காத்து எதிர்த்துத் தள்ளும்.

– அது போதும். சத்தம் ஏறிச்சுன்னா, அடுப்படியிலேர்ந்தே மெதுவாங்கன்னு ஒரு குரல் குடுப்பேன்.

– சாருக்கா? அவர் பழைய சைக்கிள் பந்தயக்காரராச்சே. மத்தவங்க எல்லாம் வாங்கின மறுவாரமே அதுல துணி காயப் போடுறாங்க. அவர் ஒருத்தர்தான் நிஜமாவே ஓட்டுறார்.

– அதுதாண்ணே வினை. நெஞ்சு வலிக்கு அப்புறம் ரோட்டுல ஓட்டவே கூடாதுன்னுட்டாங்க. ரூமுக்குள்ள மெதுவா மிதிக்கலாமாம். அவருக்கு மெதுவான்னா என்னன்னே தெரியாது.

– கதவைத் திறந்து வச்சுட்டு நீங்க பக்கத்துல உக்காந்துக்கலாமே.

– மூச்சு வாங்குறதை நான் பாக்கக் கூடாதாம். தாழ்ப்பாள் போட்டுக்குவார். அந்தத் தாழ்ப்பாளும் இப்போ இல்ல. இருந்தும் கதவைச் சாத்தி நாற்காலியை முட்டுக் குடுத்துக்கறார்.

– தாழ்ப்பாள் என்ன ஆச்சு?

– கதவோட சேர்த்து உடைச்சோம். நானும் கீழ் வீட்டம்மாவும்.

– அவங்களா? உங்களுக்கும் அவங்களுக்கும் ஆகாதே.

– போன மாசம் நன்றி சொல்ல மேல வந்தாங்க, இப்பல்லாம் சத்தமே வரலன்னு. மெஷின் அவ்வளவு ஒசத்தின்னு நானும் வாசல்ல நின்னு ரொம்ப நேரம் பெருமை பேசிட்டிருந்தேண்ணே. உள்ள அவர் விழுந்து கிடந்தார்.