ஆட்டுக்குத் துத்தம் போடவில்லை

உலகத்தின் பசியைத் தீர்க்கும் வழி கோழி எருவுக்குள் புதைந்திருக்கிறது என்பது என் ஆழ்ந்த நம்பிக்கை. அது எனக்கு உதித்த வாரம் என் கோழிப்பண்ணைக்குப் பின்னால் எரு கூரை உயரத்துக்குக் குவிந்திருந்தது. அக்கம்பக்கத்தார் மூக்கைப் பிடித்துக்கொண்டு புகார் எழுதியிருந்தார்கள்.

என் தங்கையிடம் நாற்பது செம்மறி ஆடுகள் இருந்தன. கணவர் இறந்த பிறகு அவளுக்கு அவைதான் பிழைப்பு. எருவைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, ஆறு வாரம் உள்ளேயே புழுங்கவிட்டு, சலித்து, சோள மாவில் கலந்து அவளுக்கு அனுப்பினேன். மூட்டையில் 'புரத அமுது' என்று அச்சடித்திருந்தேன்.

"என்னதான் இருந்தாலும் இது கோழிப் பீதானேண்ணா?"

"அப்படிச் சொல்லாதம்மா. மறுசுழற்சிப் புரதம்னு சொல்லு."

"பேரை மாத்தினா நாத்தம் போயிடுமாக்கும்."

ஆனாலும் போட்டாள். என் பேச்சை அவள் தட்டியதில்லை. நாலு மாதத்தில் ஆடுகள் மளமளவென்று கொழுத்தன. கால்நடைத் தீவன மாநாடு ஒன்றில் பேச என்னை அழைத்தார்கள். பேச்சு முடிந்து, வெள்ளிக்கிழமை எல்லோரும் தங்கையின் பட்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு.

அதற்கு ஒரு மாதம் முன்பே கால்நடை மருத்துவர் என்னை ஓரம்கட்டினார்.

"கோழித் தீவனத்துல மயில்துத்தம் சேர்க்கறீங்கல்ல? அதுல இருக்கற செம்பு எருவுல அப்படியே இறங்கும். மாடு தாங்கும், செம்மறி தாங்காது. ஈரல்ல சத்தமில்லாம சேரும். மூத்திரம் கருஞ்சிவப்பா போச்சுன்னா கதை முடிஞ்சுது. இன்னைக்கே நிறுத்துங்க சார்."

"பார்க்கிறேன்" என்றேன். பார்த்தேன். ஆடுகள் நன்றாகத்தான் இருந்தன.

மாநாட்டு வாரம் புதன்கிழமை தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, ரெண்டு ஆடு கருஞ்சிவப்பா மூத்திரம் போகுது. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. தீவனத்தை நிறுத்திடவா?"

நிதானமாக யோசித்தேன். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டிவரும். "உள்ள இருக்கற கெட்டது கழியுதும்மா. இன்னும் ரெண்டு கை சேர்த்துப் போடு" என்றேன். அந்த இரண்டையும் கொட்டகைக்குப் பின்னால் கட்டச் சொன்னேன். வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டாமே.

வெள்ளிக்கிழமை காலை முப்பத்தொன்று செத்துக் கிடந்தன. மீதி ஞாயிறுவரை தாங்கின. பார்வையாளர்கள் வந்த பேருந்தைப் பாதி வழியிலேயே திருப்பி, நேராகச் சாப்பாட்டுக்கு அனுப்பிவைத்தேன். யாரும் குறை சொல்லவில்லை.

தங்கை பட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் அளவைத் தப்பாப் போட்டுட்டேனாண்ணா?"

இருக்கலாம் என்றேன். ஏதோ ஒரு காரணம் கிடைத்தால் மனசு ஆறும் அல்லவா. தவறு தன்னுடையது என்று அவள் உங்கள் விசாரணைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறாளே, அதை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவளுக்கு அவ்வளவு கோவையாக எழுத வராது.

ஆட்டுக்குத் துத்தம் போட்டாயா என்று நீங்கள் கேட்டபோது இல்லை என்றேன். அதில் பொய் இல்லை. துத்தம் போட்டது கோழிக்கு. ஆடு சாகும் என்று மருத்துவர் சொல்லித் தெரிந்த பிறகும் மூட்டை அனுப்பினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். புது முயற்சி என்றால் சேதாரம் இருக்கத்தான் செய்யும்.

என் வீட்டிலும் இரண்டு செம்மறிகள் உண்டு. அவற்றுக்குப் புல்தான் போட்டேன்.