சத்தம் போடாத லொறி

ஹட்டனில் பஸ் ஏறி டிக்கோயாவில் இறங்க வேண்டியவன், பிறர் பேச்சை ஒட்டுக்கேட்கும் ஆசையில் மஸ்கெலியா வரை போய்விட்டேன். வயது ஐம்பத்திரண்டு, வெட்கம் இன்னும் வந்து சேரவில்லை.

முன் இருக்கையில் ஒரு பெண் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஓமானில் சாரதி. அங்கே ஒரு கம்பெனிக்காக ஹைட்ரஜன் லொறிகளை ஓட்டிச் சோதிக்கிறாராம். அவர் குரல் பாதி பஸ்ஸுக்குக் கேட்டது.

“புகையே இல்ல புள்ள. பின்னால தண்ணிதான் சொட்டுது. சத்தமும் கிடையாது.”

“அப்ப அது நம்ம பக்கம் வேணாங்க.”

“ஏன்?”

“நீங்க தேயிலை லொறி ஓட்டுனப்ப, கீழ் வளைவுல கியர் மாத்துற சத்தம் கேட்டுத்தானே தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவேன்? இது வந்தா எதக் கேட்டு மூட்டுறது?”

அவர் சிரித்தார். பிறகு மெதுவாக, “சோதனைய இன்னும் ஆறு மாசம் நீட்டிட்டாங்க” என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இப்பவும் எந்த லொறி மேடு ஏறுனாலும் கை அடுப்புக்குத்தாங்க போகுது.”

வீட்டுக்கு வந்ததும் இதை மனைவியிடம் தழுதழுத்துச் சொன்னேன்.

“உங்க இருமலும் ரோட்டுலயே கேக்கும்” என்றாள். “கேட்டதும் தூங்குற மாதிரி படுத்துக்குவேன்.”